தாத்தாவின் மோரிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக் போடலாமா?

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா விட்டுப்போன 1959 மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு, 948 சிசி எஞ்சின். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் பெடலை இரண்டு தடவை மிதித்தால்தான் பிரேக் பிடிக்கிறது. வருகிற பெரிய வெள்ளிக்கு அம்மா, அக்கா, மாமா மூவரையும் ஏற்றிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்குப் போக ஆசை. முன் சக்கரங்களில் இப்போதுள்ள டிரம் பிரேக்குக்குப் பதிலாக டிஸ்க் கிட் வாங்கிப் போட்டால் போதுமா, மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் சர்வோவும் வேண்டுமா என்பது அவர் கேள்வி.

தம்பி, டிஸ்க் போடலாம். ஆனால் இப்போது போடாதீர்கள். இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கிற வண்டிக்கு டிஸ்க் மாட்டினால், பழைய குறை புதுச் சாமானோடு சேர்ந்து ஓடும். உங்கள் வண்டியில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிரேக் ஆயில் வழி: பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர், குழாய், ரப்பர் ஹோஸ், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர். இன்னொன்று, நீண்ட இறக்கத்தில் சேரும் சூடு. சூட்டுக்கு டிஸ்க் நல்ல மருந்து. ஆயில் வழியில் இருக்கும் நோய்க்கு அது மருந்தே இல்லை.

முதலில் பெடல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தவேண்டிய ஷூக்கள் அதிலிருந்து விலகி நிற்கின்றன என்று அர்த்தம். அட்ஜஸ்ட் செய்தாலே பாதி சரியாகிவிடும். ஸ்பாஞ்சை மிதிப்பது போல மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. காலை அழுத்தியபடியே வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கேயும் ஒழுகாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. இந்த மூன்றாவது குறை இருந்தால் வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம். பக்கத்துக் கடைக்குக்கூட வேண்டாம்.

அட்ஜஸ்ட்மெண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மைனரில் பலர் தப்பு செய்வது இங்கேதான். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள், ஒவ்வொரு ஷூவுக்கும் தனித்தனி அட்ஜஸ்டர். பின் சக்கரத்தில் ஒன்றுதான். முன்னால் ஒரு அட்ஜஸ்டரை மட்டும் திருகிவிட்டு, "முடிந்தது" என்று சக்கரத்தை மாட்டிய வண்டிகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, டிரம்மைச் சுற்றி, அதிலுள்ள துளையை அட்ஜஸ்டருக்கு நேராகக் கொண்டுவந்து, அதன் வழியாகத் திருகுங்கள். டிரம் இறுகி நின்றதும், அது சுதந்திரமாகச் சுற்றும் வரை பின்னால் திருகுங்கள். அப்புறம் டிரம்மைத் திருப்பி அடுத்ததையும் அப்படியே. நடுவில் ஒருமுறை பெடலை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

முன் ஷூ இரண்டும் சக்கரம் சுற்றும் திசையிலேயே இழுத்துக்கொண்டு டிரம்மோடு இறுகும்படி அமைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் சுழற்சியே பிரேக்குக்கு உதவுகிறது. சர்வோ இல்லாமலே மைனர் நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனால் வண்டி பின்னால் உருளும்போது அந்த உதவி அப்படியே எதிராகிவிடும். சாட்ஸ்வர்த் மேட்டுத் தெருக்களில் பின்னோக்கி உருளும் மைனரை கால் பிரேக்கால் மட்டும் நிறுத்துவது கஷ்டமாக இருப்பது இதனால்தான். ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி மாஸ்டர் சிலிண்டர். உங்கள் வண்டியில் அது பானெட்டுக்குள் இல்லை. டிரைவர் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில், சேஸிஸ் ஓரமாக ஒளிந்திருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் ஆயில் அளவு தெரியும். கண்ணில் படாததால் வருஷக்கணக்கில் யாரும் பார்ப்பதில்லை. அதைக் கழற்றுவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை: சிலிண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டை உருவ விடாமல், சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார் மறித்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை கஷ்டப்பட்டுக் கழற்றிவிட்டால், திரும்ப மாட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமாகப் போடுங்கள். அடுத்த தடவை டார்ஷன் பாரைத் தொடாமலே உருவிவிடலாம்.

கழற்றியதைத் திறந்து உள்சுவரை விளக்கு வைத்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டுப் பயனில்லை. சில மாதத்தில் அந்தக் குழி ரப்பரைக் கிழித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுக் கொடுப்பவர்களிடம் கொடுங்கள், இல்லை புதியது வாங்குங்கள். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சின்ன ஓட்டை மூடியே கிடக்கும். பிரேக் சூடாகச் சூடாக ஆயில் விரிந்து, திரும்பிப் போக இடமில்லாமல், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

ரப்பர் ஹோஸ்களை வெளியே பார்த்து நம்ப வேண்டாம். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி ஊசி நுழையாத அளவுக்கு அடைத்திருக்கும். பெடலின் வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வராது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடாகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் முதலில் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வயது தெரியாத ஹோஸை மாற்றிவிடுவதே என் பழக்கம். ஸ்டீல் குழாய்களுக்கு நம் ஊர்க் கடல்காற்று எமன். தாங்கியை ஒட்டி, சேறு பிடித்த இடத்தில்தான் முதலில் துரு துளைக்கும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போட்டால் அந்தக் கவலை விடும். முனை மடிப்பு, பொருத்தும் நட்டுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாத மடிப்பை இறுக்கி இறுக்கி ஒழுகலை நிறுத்தப் பார்ப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. டாட் 3, டாட் 4 என்ற வகைகள் இரண்டும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டர்பனின் புழுக்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். நாம் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. சிலிகான் ஆயிலான டாட் 5 பெயிண்டைத் தின்னாது, ஈரம் உறிஞ்சாது என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான். ஆனால் அதை மற்றதோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது சிலிகான் அல்ல, டாட் 4 ஜாதி. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஷூவின் மேல் இருக்கும் பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள்; தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். மாஸ்க் போடுங்கள். இந்த நாட்டில் இது வெறும் பேச்சல்ல. வடக்கு கேப் மாகாணத்தின் நீலக் கல்நார்ச் சுரங்கங்களைச் சுற்றி வாழ்ந்த மக்களிடம்தான், கல்நார் தூசிக்கும் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1960-ல் ஆய்வாளர் வாக்னரும் கூட்டாளிகளும் எழுதிக் காட்டினார்கள். தென்னாப்பிரிக்கா கல்நாரைத் தடை செய்தது 2008-ல். உங்கள் தாத்தா வண்டியின் லைனிங் அதற்கு முன்னே வாங்கியதாக இருக்கலாம்.

புது லைனிங்கிலும் ஒரு சங்கதி உண்டு. ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இல்லாவிட்டால் லைனிங்கின் நடுப்பகுதி மட்டும், அல்லது இரு முனை மட்டும், டிரம்மைத் தொடும். "பிரேக் புதுசு, ஆனால் பிடிக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். லைனிங்கில் சாக்பீஸ் பூசி, டிரம்மை மாட்டி, லேசாகப் பிரேக் பிடித்துச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் தொடுகிறது. லைனிங் முழுக்க அழியும் வரை வளைவைச் சரி செய்து தரும் கைகாரர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

இவ்வளவும் செய்து முடித்தால் உங்கள் மைனர் சாட்ஸ்வர்த் முதல் பீச் ஃப்ரண்ட் வரை ரொம்ப நம்பிக்கையாக நிற்கும். அப்போ டிஸ்க் எதற்கு? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து திரும்பி வருவதற்கு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வருஷங்களுக்கு முன்னால், இதே தீமிதி முடிந்து, இதே மாதிரி ஒரு மைனரில், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு பழைய ரோடு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். க்ளூஃப் தாண்டி பைன்டவுனுக்கு இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் உங்களுக்குத் தெரியும். டாப் கியரிலேயே விட்டு, காலைப் பிரேக்கில் வைத்தபடி இறங்கினேன். பாதி இறக்கத்தில் கருகல் வாசனை வந்தது. அதற்குள் பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி மெதுவாகவில்லை. இன்னும் கொஞ்ச தூரத்தில் பெடல் தரையைத் தொட்டது. மூன்றாம் கியருக்கு இழுத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, கீழே ரோபோ (சிக்னல் விளக்கு) சிவப்பாவதற்கு முன் ஓரம் சேர்த்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கையிலிருந்த திருநீற்றுப் பொட்டலம் நசுங்கிக் கிடந்தது. கால் மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல பெடல் மேலே நிற்கிறது. அந்த பிரேக்கை ஒரு மாதம் முன்னால்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் புதுசாகப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆயிலை மட்டும் மாற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நடந்தது இதுதான். மைனரின் எடை ஏறத்தாழ 775 கிலோ. நாலு பேரும் சாமானும் ஏறினால் 1,050 கிலோ என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஓடும் அந்த வண்டியை ஒருமுறை நிறுத்தினால் சுமார் 260 கிலோஜூல் சூடு பிரேக்கில் சேரும். ஆனால் வேகம் கூடாமல் 100 மீட்டர் உயரம் இறங்கினால், இறக்கம் தரும் சக்தி சுமார் 1,030 கிலோஜூல். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கில். 80-ல் இருந்து நாலு தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்குச் சமமான சூடு, நடுவில் ஆற நேரமே இல்லாமல். டிரம் ஒரு மூடிய சட்டி. சூடு வெளியேற வழி குறைவு. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங் பிடிப்பை இழக்கிறது, கடைசியில் வீல் சிலிண்டரில் ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியை அமுக்கலாம், அதனால்தான் பெடல் தரைக்குப் போனது.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு, இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும்; அது காற்றில் திறந்து நிற்கிறது. சூட்டில் தடித்தாலும் பேடை நோக்கித்தான் தடிக்கும், விலகாது. 1953-ல் ல மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் சி டைப் கார் ஜெயித்தபோது உலகம் கண்டது இதைத்தான்: 24 மணி நேரம் திரும்பத் திரும்ப மிதித்தும் சோராத பிரேக். ஒற்றை அவசர நிறுத்தத்தில், நன்றாக அட்ஜஸ்ட் செய்த டிரம்மும் உங்கள் ஒல்லி டயரைச் சுற்றவிடாமல் பூட்டிவிடும். டயர் பூட்டிய பிறகு டிஸ்க் ஆனாலும் டிரம் ஆனாலும் நிற்கும் தூரம் டயர் கையில். அதனால் டயரின் தயாரிப்பு வருஷத்தைப் பாருங்கள். காய்ந்து கல்லான டயர் இருந்தால் முதல் செலவு அங்கேதான்.

டிஸ்க்குக்கும் இன்றைய நிலைக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. 1962-ல் வந்த 1098 சிசி மைனருக்கு முன்னால் 8 அங்குல டிரம் கொடுத்தார்கள். உங்கள் 948-க்கு வந்தது 7 அங்குலம். உடைக்கப் போட்ட 1098 ஒன்று கிடைத்தால், அதன் முன் பிரேக்கை முழுசாக எடுத்து மாட்டலாம். வெளித்தோற்றம் மாறாது, மாஸ்டர் சிலிண்டரும் பெடலும் அப்படியே. ஊருக்குள் ஓட்டி, வருஷத்தில் ஒருமுறை என்3 நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

டிஸ்க்தான் என்று முடிவானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். இங்கிலாந்திலிருந்து மைனருக்கென்றே கிட் வருகிறது. மோரிஸ் மரீனாவின் முன் பிரேக்கை மாட்டுகிறவர்களும் உண்டு, அதன் முன் சஸ்பென்ஷன் மைனர் வழி வந்தது என்பதால். எதுவானாலும் உங்கள் 14 அங்குல ஸ்டீல் வீல், பேடைத் தாங்கும் கவ்வியான காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் படுகிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

கிட் விற்பவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் பாதகமில்லை. டிஸ்க் பேடுக்கு ஸ்பிரிங் கிடையாது; அந்த அழுத்தத்திலேயே பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டு ஓடும். அதற்காக அந்த வால்வை வெறுமனே பிடுங்கினாலும் தொல்லை, ஏனென்றால் மைனரின் மாஸ்டர் சிலிண்டர் தாழ்வாக இருக்கிறது. காலிப்பரிலிருந்து ஆயில் பின்னால் வடிந்து, மறுபடி இரண்டு மிதி கேட்கும். பழையதை எடுத்துவிட்டு, முன் குழாயில் 2 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வும், பின் டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ வால்வும் தனித்தனியாக வைப்பதே சரி. பேட் தேயத் தேய காலிப்பர் நிறைய ஆயில் வாங்கிக்கொள்ளும் என்பதால், பானெட்டுக்குள் ஒரு ஆயில் டப்பா வைத்து இணைத்தால் அளவும் கண்ணில் படும்.

பின் சக்கரத்துப் பிரேக்கைப் பெரிதாக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின் சக்கரம் முந்திப் பூட்டினால் வண்டி சுழலும். மழை நாளில் அதை மீட்க நேரம் கிடைக்காது.

சர்வோ? அது காலுக்கு உதவி, பிரேக்குக்கு அல்ல. டிரம்மோடு சேர்த்தால் லேசாகத் தொட்டாலே பிடித்துக் குலுக்கும். டிஸ்க் போட்ட பிறகு பெடல் கனமாக இருக்கிறது, அம்மாவும் ஓட்டப்போகிறார் என்றால் போடலாம். இத்தனை இலேசான வண்டிக்கு நான் போடமாட்டேன்.

ஆனால் சர்வோவுக்கு ஒதுக்கிய பணத்தை இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். உங்கள் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பிரித்தால் ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். அமெரிக்கா 1968-லேயே எல்லாப் புதுக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. மைனரின் நெருக்கமான இடத்தில் இதைப் பொருத்த நல்ல லேத் வேலைக்காரர் வேண்டும், பெடலின் நெம்பு அளவும் பிஸ்டனின் விட்டமும் கணக்காகப் பொருந்தவேண்டும். விட்டம் 7/8 அங்குலத்திலிருந்து 3/4 ஆனால் அதே மிதிக்கு அழுத்தம் 36 சதவீதம் கூடும், பெடல் பயணமும் அதே அளவு நீளும்; பயணம் தரை வரை போய்விடக்கூடாது. டிஸ்க்கா, இரட்டைச் சுற்றா, ஒன்றுக்குத்தான் காசு என்றால் யோசிக்காமல் இரட்டைச் சுற்றையே எடுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் இன்ஷூரன்ஸுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பெரிய வெள்ளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆயில் வழி முழுக்கப் புதுசாக, லைனிங் சாக்பீஸ் சோதனை முடித்து, 7 அங்குல டிரம்மோடே போய் வரலாம். ஃபீல்ட்ஸ் ஹில்லைத் தவிர்த்து என்3-ல் மரியன்ஹில் டோல் வழியாக வாருங்கள். அங்கேயும் இறக்கம் உண்டு. உச்சியிலேயே மூன்றாம் கியருக்கு மாறிவிடுங்கள், பாதியில் மாறலாம் என்று விடவேண்டாம். மைனரின் முதல் கியருக்கு, ஓடும்போது கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோ கிடையாது, அவசரத்தில் அது உதவிக்கு வராது. காலைப் பிரேக்கில் ஊன்றியே வைக்காமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். விடுகிற நேரத்தில்தான் டிரம் ஆறும். பின்னால் லாரி ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள், வீட்டுப் பக்கத்து மேட்டில் ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு, நாலு பேரையும் உட்கார வைத்து, வண்டி நகராமல் நிற்கிறதா பாருங்கள். இந்த சனிக்கிழமை முன் டிரம்மைக் கழற்றி உள்விட்டத்தை அளந்து எழுதுங்கள். தாத்தா எப்போதாவது 8 அங்குலத்துக்கு மாற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படியானால் உங்கள் வேலையில் பாதியை அவரே முடித்து வைத்திருக்கிறார்.